வளர்ச்சி வந்த பிறகு காற்றும் தண்ணீரும் என்ன ஆயின? கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

தொழில் பெருகினால் காற்றும் தண்ணீரும் கெட்டே தீரும் என்று ஒருவர் அடித்துச் சொல்வார். முதலில் கெடும், கையில் காசு புரள ஆரம்பித்ததும் தானாகச் சரியாகிவிடும் என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேர் கையிலும் ஆளுக்கொரு வரைபடம் இருக்கும். இரண்டுமே உண்மையான எண்களை வைத்துப் போட்டதாகத்தான் இருக்கும்.

நான் பதினெட்டு வருடம் ஆய்வகத்தில் கழிவுநீரும் காற்று வடிதாளும் சோதித்துவிட்டு, அதற்கப்புறம் அந்த எண்களை வைத்து அறிக்கை எழுதும் வேலைக்கு வந்தவன். புதிதாகச் சேர்கிறவர்கள் என்னிடம் வந்து, "சார், இதில் யார் சொல்வது சரி?" என்று கேட்பார்கள். நான் ஒரு தாளை எடுத்து நான்கு கட்டம் போடச் சொல்வேன். அளவு, அமைப்பு, நுட்பம், போன இடம். இந்த நான்கையும் நிரப்பினால் அவர்களுக்கே விடை தெரிந்துவிடும். நிரப்புவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு நாட்டுக்கும் ஒரு தொழிற்பேட்டைக்கும் முறை ஒன்றுதான். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

கட்டத்துக்குப் போகும் முன்: அலகைப் பாருங்கள்

எண் கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது அதன் அலகை. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம், கன மீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று இருந்தால் அது செறிவு. நாளைக்கு இத்தனை கிலோ, வருடத்துக்கு இத்தனை டன் என்று இருந்தால் அது சுமை. மூச்சு விடுகிறவருக்கும் தண்ணீர் குடிக்கிறவருக்கும் செறிவு முக்கியம். தொழில் என்ன செய்தது என்று கேட்கிறவருக்குச் சுமை வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் அடுத்து நீங்கள் போடும் கணக்கு எல்லாமே வீண்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு ஆலையின் சாம்பிளில். மாதாமாதம் அதன் கழிவுநீர் எங்களிடம் வரும், பி.ஓ.டி. பார்க்க வேண்டும். அதாவது தண்ணீரில் இருக்கும் அழுக்கைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்று அளக்கும் சோதனை. சாம்பிளைத் தேவையான அளவு நீர்த்து, 300 மில்லி பாட்டிலில் குமிழி ஒன்றுகூட இல்லாமல் நிரப்பி, 20 டிகிரியில் இருட்டில் ஐந்து நாள் வைப்போம். முதல் நாளும் ஐந்தாம் நாளும் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளப்போம். மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் விட்டதும், ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரளும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். அமிலம் விட்டால் அந்தத் திரள் கரைந்து தேன் நிறம் வரும். ப்யூரெட்டிலிருந்து தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட, நிறம் வெளிறி வைக்கோல் மஞ்சளுக்கு வரும். அப்போது கொஞ்சம் ஸ்டார்ச் விட்டால் குடுவை முழுக்கக் கருநீலம். பிறகு ஒவ்வொரு சொட்டாக, குடுவையைச் சுழற்றிக்கொண்டே. ஏதோ ஒரு சொட்டில் நீலம் சட்டென்று மறையும். அங்கே ப்யூரெட் காட்டும் அளவை வைத்துத்தான் கணக்கு.

அந்த ஆலைக்கு அனுமதித்த வரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம். தொடக்கத்தில் 60 இருந்தது, ஒரு வருடத்தில் 28-க்கு இறங்கிவிட்டது. "வரம்புக்குள் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். பிறகு ஒருநாள் வேறு ஏதோ தேடும்போது அந்த ஆலையின் ஓட்டமானிப் பதிவேடு கண்ணில் பட்டது. முன்பு நாளைக்கு 400 கன மீட்டர் வெளியே விட்டவர்கள், இப்போது 900 விட்டுக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்து பெருக்கினேன். லிட்டருக்கு 60 மில்லிகிராம் என்பது கன மீட்டருக்கு 60 கிராம். அந்த வீதம் 400 கன மீட்டர் என்றால் நாளைக்கு 24 கிலோ. 28 கிராம் வீதம் 900 கன மீட்டர் என்றால் 25.2 கிலோ. ஆற்றுக்குப் போன அழுக்கு நாளைக்கு ஒரு கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. நல்ல தண்ணீரைக் கலந்து நீர்த்துவிட்டிருக்கிறார்கள். சுத்திகரிப்பு எதுவும் நடக்கவில்லை. நான் அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்கியிருந்தால் முதல் மாதமே பிடித்திருக்கலாம். இன்று யார் செறிவை மட்டும் காட்டினாலும், ஓட்ட அளவு எங்கே என்று கேட்காமல் விடுவதில்லை.

காற்றில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம், ஏனென்றால் நடுவில் வானிலை வந்து நிற்கும். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டத்தில், அப்போதைய கணக்குப்படியே சுமார் 4,000 பேர் இறந்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. அந்த ஐந்து நாளில் மட்டும் தொழிற்சாலைகள் பல மடங்கு பெருகிவிடவில்லை. குளிருக்காக வீடுகளில் நிலக்கரி கூடுதலாக எரிந்தது உண்மை. ஆனால் மேலே வெப்பமான காற்று ஒரு மூடிபோல உட்கார்ந்து, வழக்கமாக வெளியேறிவிடும் புகையைக் கீழேயே அடைத்து வைத்ததுதான் பெரிய காரணம். ஆகவே காற்று எண்களை ஒப்பிடும்போது ஒரே மாதங்களை ஒப்பிடுங்கள், மூன்று வருடச் சராசரி எடுங்கள், இடையில் அளவீட்டு நிலையத்தை இடம் மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். சாலையோரத்தில் இருந்த கருவியைப் பூங்காவுக்குள் கொண்டுபோய் வைத்தால் காற்று ஒரே நாளில் சுத்தமாகிவிடும்.

மூன்று கட்டங்கள்: அளவு, அமைப்பு, நுட்பம்

பொருளாதாரம் மாறும்போது மாசு மூன்று வழியாக மாறுகிறது. மொத்த உற்பத்தி கூடினால் மாசும் கூடும், இது அளவு. உற்பத்திக்குள் எந்தத் தொழில் எவ்வளவு என்பது மாறினால், அதாவது இரும்பும் சிமென்ட்டும் குறைந்து மின்னணுப் பொருளும் மென்பொருளும் கூடினால், அதே மொத்தத்துக்கு மாசு குறையும். எதிர்ப்பக்கம் போனால் கூடும், இது அமைப்பு. அதே பொருளை முன்பைவிடக் குறைந்த புகையில் செய்தால் அது நுட்பம். 1991-இல் ஜீன் கிராஸ்மன், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தைப் பற்றி ஆராய்ந்தபோது இப்படிப் பிரித்துக் காட்டினார்கள். அன்றிலிருந்து இந்தத் துறையில் இருப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிரிக்கிறார்கள்.

வாயால் சொன்னால் இது மனதில் நிற்காது. ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள். எண்களை நான் கற்பனையாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு நாட்டில் இரண்டே தொழில். ஒன்று கனரகம், இன்னொன்று இலகு. பழைய வருடத்தில் மொத்த உற்பத்தி 100 அலகு. கனரகம் 60, இலகு 40. ஒரு அலகுக்குக் கனரகம் 5 கிலோ கந்தக டை ஆக்சைடு விடுகிறது, இலகு 1 கிலோ. மொத்தம் 300-ம் 40-ம் சேர்த்து 340 கிலோ.

இருபது வருடம் கழித்து உற்பத்தி 200 அலகு. கனரகம் 70, இலகு 130. ஒரு அலகுக்கு இப்போது கனரகம் 3 கிலோ, இலகு 0.8 கிலோ. மொத்தம் 210-ம் 104-ம் சேர்த்து 314 கிலோ.

செய்தித்தாள் இதை "உற்பத்தி இரட்டிப்பு, மாசு 8 சதவீதம் குறைவு" என்று போடும். வளர்ச்சியால் காற்று சுத்தமானது என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். இப்போது பிரிப்போம்.

முதலில் அளவை மட்டும் மாற்றுங்கள். பழைய பங்கு, பழைய நுட்பம், உற்பத்தி மட்டும் இரட்டிப்பு. மாசு 680. அதாவது வளர்ச்சி மட்டும் தனியாக 340 கிலோவைக் கூட்டியிருக்கிறது. அடுத்து, பங்கையும் மாற்றுங்கள்: 70 கனரகம், 130 இலகு, நுட்பம் பழையது. 350-ம் 130-ம் சேர்த்து 480. அமைப்பு மாறியதால் 200 குறைந்தது. கடைசியாக நுட்பம். 480 இருந்தது 314 ஆனது, 166 குறைவு. 340 கூடி, 200-ம் 166-ம் கழிந்து, மிச்சம் 26 கிலோ குறைவு. வளர்ச்சி மாசைக் குறைக்கவில்லை என்பது இப்போது கண்ணுக்கே தெரிகிறது. அது கூட்டியதை மற்ற இரண்டும் சேர்ந்து மயிரிழையில் முந்தியிருக்கின்றன.

இங்கே ஒரு சங்கடம் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். வரிசையை மாற்றிப் போட்டால் அமைப்புக்கும் நுட்பத்துக்கும் விழும் எண் மாறும். அளவுக்குப் பிறகு நுட்பத்தை முதலில் மாற்றிப் பாருங்கள்: 120 கனரகம் 3 கிலோ வீதம், 80 இலகு 0.8 வீதம், மொத்தம் 424. நுட்பத்துக்கு 256, அமைப்புக்கு 110 என்று வரும். இரண்டு கணக்கும் தப்பில்லை. நான் இரண்டு வரிசையிலும் போட்டுச் சராசரி எடுப்பேன்: அமைப்பு 155, நுட்பம் 211. பெரிய ஆய்வுகளில் லாகரிதம் வைத்துப் பிரிக்கும் எல்.எம்.டி.ஐ. என்ற முறையைப் பயன்படுத்துவார்கள். அதில் மிச்சம் எதுவும் தொங்காது. எந்த முறையானாலும், அறிக்கையில் ஒரே ஒரு வரிசையில் போட்ட எண்ணை மட்டும் கொடுத்திருந்தால், அது யாருக்கு வசதியான வரிசை என்று யோசியுங்கள்.

எதை அமைப்பில் போடுவது, எதை நுட்பத்தில் போடுவது என்பதும் தொழில்களை எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மின்சாரத்தை ஒரே தொழிலாக வைத்தால், நிலக்கரியிலிருந்து எரிவாயுவுக்கு மாறியது நுட்பத்தில் விழும். நிலக்கரி மின்சாரம், எரிவாயு மின்சாரம் என்று இரண்டாகப் பிரித்தால் அதே மாற்றம் அமைப்புக்குப் போய்விடும். எப்படிப் பிரித்தீர்கள் என்று தாளின் ஓரத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள்.

அளவு மட்டும் தனியாக மாறினால் என்ன ஆகும் என்பதை 2020-இல் உலகமே பார்த்தது. ஊரடங்கில் வண்டிகளும் ஆலைகளும் நின்றன. நுட்பம் அப்படியேதான் இருந்தது. நைட்ரஜன் டை ஆக்சைடு பல நகரங்களில் சரிந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. உலகின் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு ஏறத்தாழ 5 சதவீதம் குறைந்தது. அடுத்த வருடமே பெரும்பாலும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. உற்பத்தியை நிறுத்திக் குறைத்த மாசு, உற்பத்தி தொடங்கியதும் திரும்பி வரும். கிழக்கு ஐரோப்பாவில் 1990-க்குப் பிறகு புகை குறைந்ததற்கும் ஒரு பெரிய காரணம் பழைய ஆலைகள் மூடப்பட்டதுதான். வேலை இழந்தவர்களின் வீட்டு ஜன்னலில் கரி படியவில்லை என்பதை நான் முன்னேற்றம் என்று எழுத மாட்டேன்.

கவிழ்த்த கிண்ணத்தை எப்படிப் படிப்பது

வருமானத்தைக் கிடையாகவும் மாசை நெடுக்காகவும் வைத்து, ஏறி இறங்கும் ஒரு வளைவைக் காட்டுவார்கள். வருமான ஏற்றத்தாழ்வு முதலில் கூடிப் பிறகு குறையும் என்று பொருளாதார அறிஞர் சைமன் குஸ்நெட்ஸ் 1955-இல் சொன்ன கருத்தின் சாயலில் இதற்குச் சுற்றுச்சூழல் குஸ்நெட்ஸ் வளைவு என்று பெயர். கிராஸ்மனும் க்ரூகரும் 1995-இல் வெளியிட்ட கட்டுரையில், பெரும்பாலான மாசுகளுக்கு ஆள் ஒருவருக்கு 8,000 டாலர் வருமானம் வருவதற்குள் திருப்பம் வந்துவிடுகிறது என்றார்கள். 1985-ஆம் வருட டாலர் மதிப்பில். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் "முதலில் வளருவோம், பிறகு சுத்தம் செய்வோம்" என்ற பேச்சு கிளம்பியது. ஆனால் இந்தத் திருப்பம் தானாக நடக்கிற காரியம் என்று நினைக்கக் காரணம் எதுவும் இல்லை என்று அதே கட்டுரையாளர்களே எச்சரித்திருக்கிறார்கள். அந்த வரியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

வளைவைக் காட்டினால், எந்த மாசுக்கு என்று கேளுங்கள். உலக வங்கியின் 1992-ஆம் வருட வளர்ச்சி அறிக்கை மூன்று வடிவங்களைத் தனித்தனியாகக் காட்டியது. சுத்தமான குடிநீர் இல்லாமை, கழிப்பறை வசதி இல்லாமை போன்றவை வருமானம் கூடக்கூட ஆரம்பத்திலிருந்தே குறைகின்றன. நகரக் காற்றில் தூசியும் கந்தக டை ஆக்சைடும் முதலில் ஏறிப் பிறகு இறங்குகின்றன. ஆளுக்கு இவ்வளவு என்று வரும் குப்பையும் கார்பன் டை ஆக்சைடும் ஏறிக்கொண்டே போகின்றன. மூன்றும் ஒரே நாட்டில் ஒரே நேரத்தில் நடக்கும். "சுற்றுச்சூழல் மேம்பட்டது" என்று பொத்தாம்பொதுவாக எழுதிய வரியை நான் அடித்துவிட்டு, எந்த மாசு, எந்த வருடத்திலிருந்து என்று எழுதச் சொல்வேன்.

மூன்று வடிவத்துக்கும் காரணம் புரிந்துகொள்ள ரொம்ப யோசிக்க வேண்டாம். அழுக்குத் தண்ணீர் குடித்த வீட்டுக்கே வயிற்றுப்போக்கு வருகிறது. காசு வந்ததும் அந்த வீடே முதலில் அதைச் சரிசெய்கிறது. நகரப் புகை எல்லோர் மூக்கிலும் ஏறுகிறது, ஆனால் ஒரு வீடு தனியாக அதை நிறுத்த முடியாது. கூடிக் கேட்க வேண்டும், சட்டம் வர வேண்டும், அதற்கு நாளாகும். கார்பன் டை ஆக்சைடு விட்டவருக்கும் பாதிக்கப்படுகிறவருக்கும் நடுவில் கடலும் தலைமுறையும் கிடக்கின்றன.

நுட்பக் கட்டத்தில் எண் வந்தால்: யார் குறைத்தார்கள் என்று கேளுங்கள்

நுட்பம் என்று எழுதிவிட்டால் விஞ்ஞானம் தானாக வந்து சேர்ந்தது போலத் தோன்றும். அங்கே நிற்காதீர்கள். மாசு எந்த வருடம் இறங்க ஆரம்பித்தது என்று குறித்து, பக்கத்தில் சட்டங்களின் வருடத்தை எழுதுங்கள். லண்டனில் புகைமூட்டத்துக்கு நான்கு வருடம் கழித்து 1956-இல் சுத்தமான காற்றுச் சட்டம் வந்தது. ஜப்பானில், பாதரசம் ஏறிய மீனைத் தின்றதால் வந்த மினமாட்டா நோய் 1956-இல் அதிகாரபூர்வமாகப் பதிவானது; ஆலைக் கழிவின் பாதரசம்தான் காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968-இல். பன்னிரண்டு வருடம் மக்கள் அதே விரிகுடா மீனோடு போராடினார்கள். 1970-இல் ஒரே நாடாளுமன்றக் கூட்டத்தில் 14 மாசுச் சட்டங்கள் நிறைவேறின. அமெரிக்காவில் எண்ணெய்க் கழிவு மிதந்த கையஹோகா ஆறு 1969 ஜூனில் தீப்பிடித்தது. சுத்தமான தண்ணீர்ச் சட்டம் 1972-இல். சீனா காற்றுக்கான செயல்திட்டத்தை 2013-இல் அறிவித்தது. பெய்ஜிங்கில் நுண்துகள் பி.எம். 2.5-இன் வருடச் சராசரி அந்த வருடம் கன மீட்டருக்கு 89.5 மைக்ரோகிராம், 2021-இல் 33. எட்டு வருடத்தில் இப்படி இறங்கியதை வருமானம் மெல்ல மெல்லக் கூடியதை வைத்து விளக்க முடியாது. ஆனாலும் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு 5 என்பதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு சோதனை நான் எப்போதும் செய்வது. ஒரே புகைபோக்கியிலிருந்து வரும் இரண்டு மாசுகளை எடுங்கள்: ஒன்றுக்கு வரம்பு உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. நிலக்கரி மின்நிலையம் கந்தக டை ஆக்சைடையும் விடுகிறது, கார்பன் டை ஆக்சைடையும் விடுகிறது. நாடு பணக்கார நாடானதால் தானாகச் சுத்தம் வந்தது என்றால் இரண்டும் ஓரளவுக்காவது சேர்ந்து குறைந்திருக்க வேண்டும். வரம்பு போட்டது மட்டும் சரிந்து, மற்றது அப்படியே இருந்தால், குறைத்தது வரம்புதான். ஜோசப் ஷபிரோ, ரீட் வாக்கர் இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதையே பெரிய அளவில் காட்டுகிறது. 1990 முதல் 2008 வரை அமெரிக்க உற்பத்தித் துறையின் காற்று மாசு சுமார் 60 சதவீதம் குறைந்தது, உற்பத்தி கூடிய பிறகும். ஆலைகள் வெளிநாடு போனதோ பொருட்களின் கலவை மாறியதோ அதில் முக்கியக் காரணம் இல்லை. ஒவ்வொரு பொருளையும் குறைந்த மாசில் செய்ய ஆரம்பித்ததுதான், அதற்குத் தள்ளியது கடுமையான விதிகள்தான் என்று கண்டார்கள். விதி வந்தால் தொழில் அழிந்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்களிடம் இதைக் காட்டுங்கள். எனக்கு இந்த ஆய்வைப் படித்த அன்று ரொம்ப நிம்மதியாக இருந்தது.

நுட்பம் ஏமாற்றுகிற இடமும் ஒன்று உண்டு. நீராவி எந்திரம் குறைந்த நிலக்கரியில் ஓட ஆரம்பித்ததும் நிலக்கரிச் செலவு கூடியதை ஆங்கிலப் பொருளாதார அறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865-லேயே கவனித்தார். மலிவானதால் இன்னும் நிறைய எந்திரங்கள் வந்துவிட்டன. ஆகவே நுட்பக் கட்டத்தில் குறைவைக் கண்டால், அளவுக் கட்டத்தில் அதன் எதிரொலி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நான்காவது கட்டம்: போன இடம்

இந்தக் கட்டத்தைத்தான் பெரும்பாலோர் காலியாக விடுகிறார்கள். குறைந்த மாசு நிஜமாகவே குறைந்ததா, வேறு எங்காவது போய் உட்கார்ந்ததா?

மேலே போட்ட கணக்குக்கே திரும்புவோம். கனரகப் பொருளின் பங்கு 60-லிருந்து 35 சதவீதத்துக்கு இறங்கியது என்றேன். ஆனால் அந்த நாட்டு மக்கள் இரும்பு வாங்குவதைக் குறைத்தார்களா? அவர்கள் 120 அலகு பயன்படுத்துகிறார்கள், 70 மட்டும் உள்ளே செய்கிறார்கள் என்று வையுங்கள். 50 அலகு வெளியிலிருந்து வருகிறது. அங்கே நுட்பம் பழையது, அலகுக்கு 5 கிலோ. அப்படியானால் இன்னொரு நாட்டின் காற்றில் 250 கிலோ. உள்ளே 314, வெளியே 250, மொத்தம் 564. இருபது வருடத்துக்கு முன்பு 340. அமைப்பு மாறியதால் கிடைத்த "குறைவு" கப்பலேறிப் போய்விட்டது. இதற்காகத்தான் நாடுகளின் கார்பன் கணக்கை இரண்டு விதமாகப் போடுகிறார்கள்: எல்லைக்குள் விட்டது ஒன்று, நுகர்ந்த பொருளுக்காக எங்கிருந்தாலும் விட்டது இன்னொன்று. பிரிட்டனின் எல்லைக்குள் வரும் உமிழ்வு 1990-இல் இருந்ததில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. 1882-இல் லண்டனில் நிலக்கரி மின்நிலையம் தொடங்கிய நாடு 2024 செப்டம்பர் 30-இல் கடைசி நிலையத்தையும் மூடியது. அது உண்மையான சாதனை. ஆனால் இறக்குமதியைச் சேர்த்துப் போடும் கணக்கில் குறைவு அவ்வளவு பெரிதாக இல்லை. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காத அறிக்கையை நான் பாதி அறிக்கை என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

ஒரே நாட்டுக்குள்ளும் இடம் மாறும். பெய்ஜிங்கின் பெரிய உருக்காலை ஒலிம்பிக்கை ஒட்டிக் கடற்கரைப் பக்கம் ஹெபெய் மாகாணத்துக்கு நகர்ந்தது. 2010 முடிவில் நகரத்தில் உருக்கு வேலை நின்றது. புதிய ஆலை பழையதைவிட நவீனமானது என்பதால் எல்லாமே வெறும் இடமாற்றம் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு இடத்துக் காற்றையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும், அவ்வளவுதான். புகைபோக்கியை உயர்த்துவது இன்னும் எளிய இடமாற்றம். கனடாவில் சட்பரியில் 1972-இல் 381 மீட்டர் உயரப் புகைபோக்கி கட்டினார்கள். பக்கத்துக் காற்று நன்றாக மேம்பட்டது. கந்தகம் தூரத்துக்குப் போய் ஏரிகளில் அமிலமாக இறங்கியது.

ஊடகம் மாறுவது அடுத்தது. காற்றில் போன கந்தகத்தைச் சுண்ணாம்புக் குழம்பால் பிடித்தால் அது ஜிப்சமாகிறது. அது சுவர்ப்பலகை செய்யப் போனால் நல்லது. குழியில் கொட்டினால் அதையும் எழுதுங்கள். சாம்பலைப் பிடிக்கும் வடிகட்டிகள் காற்றைக் காப்பாற்றுகின்றன, சாம்பல் குளங்களைப் பெருக்குகின்றன. கழிவுநீர் சுத்திகரித்தால் சேறு மிஞ்சும். எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனாலும், வெளியே போகும் தெளிந்த தண்ணீரை அவர்கள் காட்டும்போது, சேறு வாரத்துக்கு எத்தனை டன், எந்த வண்டியில் எங்கே போகிறது என்று கேளுங்கள். பதில் உடனே வந்தால் அந்த நிலையம் நன்றாக நடக்கிறது.

கடைசியாகக் காலம். ஆலை மூடி, அமைப்பு மாறி, வரைபடம் இறங்கிய பிறகும் பழைய மாசு அங்கேயே கிடக்கும். அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் 1947 முதல் 1977 வரை பி.சி.பி. என்ற, எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருள் கொட்டப்பட்டது. நிறுத்தி முப்பது வருடத்துக்கும் மேல் ஆன பிறகு, 2009 முதல் 2015 வரை ஆற்றின் அடியைத் தோண்டி எடுத்தார்கள்.

ஏரியோ முகத்துவாரமோ பக்கத்தில் இருந்தால் இதை நீங்களே பார்க்க ஏற்பாடு செய்யலாம். உள்ளூர்க் கல்லூரியின் மண்ணியல் துறையில் ஆள் இருப்பார்கள். அசையாத தண்ணீராக, ஆழமான இடமாகத் தேர்ந்தெடுங்கள். ஒரு கையளவு அகலமுள்ள ஒளி ஊடுருவும் குழாயைச் சேற்றுக்குள் நேராக இறக்கி, மேல் வாயை அடைத்து, மெல்ல மேலே இழுக்க வேண்டும். குழாயில் சேறு அடுக்கடுக்காக நிற்கும். மேலே பழுப்பாக, தளர்வாக, தண்ணீர் கலந்து. கீழே போகப்போக இறுகிக் கருத்து, அழுகிய முட்டை வாடையோடு. அதைக் கீழிருந்து தள்ளி, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வில்லையாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனிப் பையில் போட்டு, ஆழத்தை எழுதுங்கள். ஆய்வகத்தில் ஈயம், பாதரசம், துத்தநாகம் பார்க்கச் சொல்லுங்கள். அடுக்கின் வயதைக் கண்டுபிடிக்க ஈயம்-210, சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருட்களை அளக்க வேண்டும். அணுகுண்டுச் சோதனைகளின் கதிரியக்கத் தூசி உச்சத்தில் விழுந்த 1963-ஐ ஒட்டிய அடுக்கில் சீசியம் எகிறி நிற்கும். அது உங்கள் மைல்கல். அங்கிருந்து மேலே எண்ணிக்கொண்டு வந்தால், ஆலைகள் வந்த அடுக்கு எது, ஈயம் கலந்த பெட்ரோல் ஓடிய அடுக்கு எது, அது குறைந்த அடுக்கு எது என்று கையில் பிடித்துப் பார்க்கலாம்.

மேல் அடுக்கில் எண் குறைந்திருந்தால் சந்தோஷப்படுங்கள், நிச்சயமாக. அப்புறம் உச்ச அடுக்கு எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இருபது என்றால், அந்த இடத்தில் யாராவது படகுத்துறைக்காக முப்பது சென்டிமீட்டர் தோண்டப் போகிறார்களா என்று விசாரியுங்கள்; தோண்டினால் புதைந்த மாசு மறுபடி தண்ணீருக்குள் வந்துவிடும். நான்காவது கட்டத்தில் அந்த ஆழத்தையும், தோண்டும் திட்டம் இருந்தால் அதன் தேதியையும் எழுதுங்கள்.